விடாத இரண்டு விரல்கள்

அவள் யாரையும் முதலில் முகத்தில் பார்க்கமாட்டாள். கையைத்தான் பார்ப்பாள். புதிதாக ஒருவர் வந்து வணக்கம் சொன்னால் தலை ஆடும், வாய் சிரிக்கும், கண் மட்டும் அவருடைய விரல்களில் போய் நிற்கும். பலருக்கு அது பிடிக்காது. மோதிரத்தை எடை போடுகிறாள் என்று நினைப்பார்கள். என் அம்மாவும் அப்படித்தான் நினைத்தார். "உந்தப் பிள்ளை என்ன, வந்த உடன என்ர காப்பைப் பாக்குது" என்று ஒருநாள் காரில் வரும்போது சொன்னார். அவள் பார்த்தது காப்பை அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சிரித்துவிட்டுப் பேசாமல் வந்தேன். அவளுக்காக வாய் திறக்க வேண்டிய இடத்தில் நான் திறக்காமல் விட்டது அதுதான் முதல் தடவை.

சுவிஸில், வின்டர்தூர் நகரத்தில், ஒரு சிறிய ஓவியக்கூடத்தில் எனக்கு வேலை. வருகிறவர்களுக்குப் படங்களை விளக்குவது, சுவரில் ஒட்டும் குறிப்புகளை எழுதுவது. அவள் அங்கே புட்ஸ் வேலை செய்தாள், அதாவது துப்பரவு. காலை ஏழு மணிக்கு வந்து, பத்து மணிக்குக் கதவு திறக்குமுன் போய்விடுவாள். இருவருக்கும் ஒரே வயது. ஆவணியில் பிறந்தவள் அவள், கார்த்திகையில் நான். நான் இங்கேயே பிறந்தவள், அப்பா அம்மா யாழ்ப்பாணம். அவள் மட்டக்களப்பு. கல்யாணம் கட்டி வந்தவள், புருஷன் வீட்டார் யாழ்ப்பாணத்து ஆட்கள். அவர்களுக்கு முன்னால் "பாருங்கோ, வாங்கோ" என்று அச்சுப் பிசகாமல் பேசுவாள். என்னுடன் தனியே இருக்கும்போது அவளுடைய ஊர்ப் பேச்சு மெல்ல எட்டிப் பார்க்கும். "இஞ்ச பாருங்ககா" என்பாள். உடனே நாக்கைக் கடித்துக்கொள்வாள். சொல்ல வேண்டாம் என்று எத்தனை தரம் சொல்லியும் என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிட்டாள்.

என் மேற்படிப்பு முழுவதும் ஒரு வகைப் படங்களைப் பற்றியது. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் பாரிஸில் பள்ளிமுறைப்படி பயின்ற ஓவியர்கள் வரைந்த குடும்பப் படங்கள். வசதியான வீட்டு வரவேற்பறை, பத்திரிகை வாசிக்கும் அப்பா, சாட்டின் உடுப்பில் அம்மா, சரிகைச் சட்டை போட்ட குழந்தை. தூரிகை பட்ட அடையாளமே தெரியாத வழவழப்பு. அவற்றை வாங்கியவர்களும் அதே மாதிரி வீட்டுக்காரர்கள்தான், தங்களையே காசு கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். இன்றைக்கு அந்தப் படங்களை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. வருகிற கூட்டம் பக்கத்து அறைக்குப் போய்விடும். என் கூட வேலை செய்கிறவர்களே "சீனி கூடிப்போச்சு" என்று சிரிப்பார்கள். சீனி கூடிய அந்த அறை எனக்கு மட்டும் சொந்தம் என்ற மாதிரி ஒரு பெருமை எனக்கு இருந்தது.

அந்த அறையில் நடுவாக ஒரு படம். குழந்தை முதல் அடி வைக்கிறது. நீலச் சாட்டின் பாவாடை விரிய அம்மா முழங்காலில் நின்று இரண்டு கைகளையும் நீட்டுகிறாள். அப்பா பத்திரிகையை மடியில் இறக்கிவிட்டுப் பார்க்கிறார். குழந்தைக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பி போட்ட, குழந்தை பார்க்கும் செவிலி குனிந்து நிற்கிறாள், இப்போதுதான் கையை விட்டவள் மாதிரி. கீழே பித்தளைத் தகட்டில் தாய்மையின் மகிழ்ச்சி பற்றிப் பிரெஞ்சில் ஏதோ பொறித்திருக்கும். நானும் சுவர்க் குறிப்பில் அதைத்தான் எழுதி வைத்திருந்தேன்.

அவள் அந்தப் படத்தைப் பார்த்தது குனிந்திருந்து. சுவரின் அடியில் ஓடும் மரப்பட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டு வந்தவள், படத்துக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டாள். அவள் இருந்த உயரத்துக்குச் சரியாக, குழந்தையின் முதுகு.

"மிஸ், இந்தப் பிள்ளையை இவ இன்னும் விடல்ல" என்றாள்.

நான் போய் அவளுக்குப் பக்கத்தில் குந்தினேன். செவிலியின் வலது கை விரிந்து காற்றில் இருந்தது. அதுதான் எல்லோர் கண்ணிலும் படுவது. இடது கை குழந்தையின் முதுகுப் பக்கம், சட்டையின் இடைப்பட்டி முடிச்சுக்குப் பின்னால், நிழலுக்குள் இருந்தது. அங்கே இரண்டு விரல்கள் பட்டியின் ஓரத்தைப் பிடித்திருந்தன. நான்கு வருடம் அந்தப் படத்தைப் பார்த்தவள் நான். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்திருக்கிறேன், அம்மாவின் பாவாடை மடிப்பை. அந்த இரண்டு விரல்களை நான் காணவில்லை.

"பிள்ளையின்ர கண்ணையும் பாருங்க" என்றாள். "தாயைப் பாக்கல்ல. பின்னுக்குத் திரும்பப் போகுது."

சொல்லிவிட்டு எழுந்து, வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு அவளிடம் இல்லை.

எல்லாவற்றையும் அவள் இப்படித்தான் பார்த்தாள். ஒருமுறை தெரிந்தவரின் மகள் பூப்படைந்த சாமத்திய வீட்டுக்கு இருவரும் போயிருந்தோம். மேடையில் பெரியபிள்ளையை நடுவில் இருத்தி, தாய் தகப்பனை இரண்டு பக்கமும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். புகைப்படக்காரர் சொன்னபடி தகப்பன் மகளின் தோளில் கை வைத்தார். இவள் என் காதுக்குள் வந்தாள். "அந்த மனிசன் மகளைத் தொட்டு ரெண்டு மூண்டு வருசமிருக்கும் மிஸ். எவ்வளவு பாரம் வெக்கிறதெண்டு தெரியாமக் கையை அந்தரத்தில வெச்சிருக்கார்." நான் பார்த்தேன். உண்மையாகவே அந்தக் கை தோளில் முட்டாமல் நின்றது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் சிரிக்கவில்லை. "பாவம்" என்றாள்.

என்னையும் விட்டுவைக்கவில்லை. "நீங்க எங்களோட கதைக்கேக்க கையை ஆட்டி ஆட்டிக் கதைக்கிறீங்க. உங்கட பெரியவங்க வந்தா ஏன் பை வாரைப் பிடிக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டாள். பெரியவங்க என்றது எங்கள் ஓவியக்கூட இயக்குநரையும் மற்றவர்களையும். குளிர் என்று ஏதோ சமாளித்தேன். ஜூன் மாதம் அது.

அவள் முன்பு லெபனானில் இருந்த கதையை எனக்குச் சொன்னது அந்தப் படத்துக்கு முன்னால் அல்ல. கீழே சாமான் அறையில், என் பிளாஸ்கிலிருந்த தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தபோது. "அந்த விரலை எப்பிடிக் கண்டனீங்கள்?" என்று நான்தான் கேட்டேன். சொல்லப்போனால் துருவினேன். அன்றைக்கு அவள் என்னை மிஸ் என்று கூப்பிடவில்லை.

இருபத்திரண்டு வயதில் பெய்ரூத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். பெரிய வீடு. பிரெஞ்சில் கதைக்கிற ஆட்கள். வீட்டுக்காரியை 'மடம்' என்றுதான் கூப்பிட வேண்டும். ஒரே ஒரு ஆண் குழந்தை, பிறந்த பத்தாம் நாளிலிருந்து அவள் கையில். "இரவும் நான்தான், பகலும் நான்தான். மடம் பின்னேரத்தில வந்து கொஞ்சிப்போட்டுப் போவா." குழந்தை நடக்கத் தொடங்கியபோது ஒருநாள் வீடு நிறைய விருந்தாளிகள். மடம் கூடத்தின் நடுவில் முழங்காலில் நின்று கைகளை நீட்டினார். ஒருவர் போனில் படம் எடுக்க நின்றார். கையை விடு என்று இவளுக்குச் சொன்னார்கள்.

"விட்டனான் எண்டுதான் எல்லாரும் நினைச்சாங்க. நான் விடல்லகா. ரெண்டு விரலால சட்டையைப் பிடிச்சிருந்தன். விழுந்திருமெண்டு பயம். பிள்ளை மூண்டு அடி வெச்சிட்டு, அப்பிடியே திரும்பி என்னட்ட ஓடி வந்திட்டு. ஆக்களெல்லாம் சிரிச்சாங்க. மடமும் சிரிச்சா. மூண்டு கிழமையில எனக்கு ஊருக்கு டிக்கெட் போட்டுட்டா."

தேநீர்க் குவளையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். அந்தக் குழந்தைக்கு இப்போது எத்தனை வயதென்று விரல்விட்டு எண்ணினாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இது இஞ்ச ஒருத்தருக்கும் தெரியாகா. கலியாணம் பேசேக்க நேர்சரி டீச்சர் எண்டுதான் எங்கட ஆக்கள் சொன்னவங்க. லெபனான் போய் வந்தவள் எண்டா என்ன கதைப்பாங்க எண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

தெரியும். வெளிநாட்டு வீடுகளுக்கு வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்களைப் பற்றி நம்மவர்கள் குரலைத் தாழ்த்தி என்னென்ன சொல்வார்கள் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். ஒருவரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னேன்.

அடுத்த மாதம் ஓவியக்கூடத்தின் நண்பர்கள் கூட்டம் ஒன்றில் அந்தப் படத்தைப் பற்றி ஜெர்மன் மொழியில் பேசினேன். இரண்டு விரல்களை விளக்கால் சுட்டிக் காட்டினேன். மண்டபம் முழுவதும் கழுத்தை நீட்டிப் பார்த்தது. தாய்மையைப் பற்றிய படம் என்று நாம் நினைத்தது ஒரு கூலிப் பெண்ணின் பிரிவைப் பற்றிய படம் என்று முடித்தேன். கைதட்டினார்கள். இயக்குநர் என் தோளைத் தட்டி, வருட மலருக்கு இதைக் கட்டுரையாக எழுதித் தரச் சொன்னார். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஒருவர் கேட்டார். "நீண்ட நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியும்" என்றேன். கொஞ்சமும் வெட்கப்படாமல் சொன்னேன். வெட்கம் பிறகுதான் வந்தது, வந்த பிறகு போகவில்லை.

அதோடு நின்றிருந்தால் அது களவு மட்டும்தான். தமிழ்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் பெண்கள் விழா வைத்தார்கள். இங்கே பிறந்து படித்து இப்படி ஒரு வேலையில் இருக்கிற பிள்ளை என்று என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். அம்மா முன் வரிசையில் பட்டுச் சேலையோடு இருந்தார். நம் ஆட்களுக்கு முன்னால் பெரிய படிப்பைக் காட்டினால் தலைக்கனம் என்பார்கள், அடக்கமாகத் தெரிய வேண்டும் என்று எண்ணினேன். படத்தைத் திரையில் போட்டேன்.

"இந்த ரெண்டு விரலையும் எனக்குக் காட்டித் தந்தது பேராசிரியர் இல்லை. எங்கட ஒரு பெண். மட்டக்களப்பில இருந்து லெபனானுக்கு வீட்டு வேலைக்குப் போனவ. இப்ப எங்கட மியூசியத்தில புட்ஸ் வேலை செய்யிறா. பெயர் சொல்லமாட்டன்" என்றேன். குழந்தை திரும்பி ஓடி வந்த கதை முழுவதையும் சொன்னேன். சில பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அதைக் கண்டு இன்னும் உருக்கமாகச் சொன்னேன்.

பெயரைச் சொல்லாவிட்டால் ஆளை மறைத்தாயிற்று என்பது நான் பல்கலைக்கழகத்தில் படித்த பாடம். அங்கே அது சரி. நம் ஆட்களுக்குப் பெயர் எதற்கு? ஊர் ஒன்று, வேலை ஒன்று சொன்னால் போதும், மூன்றாவது நிமிடத்தில் மாமனார் பெயரும் கார் நிறமும் வந்துவிடும். வின்டர்தூரில் மியூசியத்தில் துப்பரவு செய்கிற மட்டக்களப்புப் பெண் எத்தனை பேர்? அந்த மண்டபத்திலேயே பிறந்தவள் மாதிரி வளர்ந்த எனக்கு அது தெரியாமல் போனது. மூன்றாவது வரிசையில் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கின. அப்போதுதான் கண்டேன், அவள் புருஷனின் அம்மாவான மாமியோடு வந்திருந்தாள். மாமியின் கைப்பையை மடியில் வைத்திருந்தாள். மாமி அந்தப் பையை அவள் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஜெர்மனில் அவளை மறைத்தேன், தமிழில் காட்டிக்கொடுத்தேன். இரண்டு மண்டபத்திலும் கைதட்டல் எனக்கு.

திங்கட்கிழமை காலை அவள் வழக்கம்போல வந்தாள். நான் ஒன்பது மணிக்குப் போகும்போது அந்த அறையில் நின்றாள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அதை அவள் கேட்க வரவில்லை.

"மிஸ், ஒரு உதவி. மாமி என்னைக் கேட்டவ. மிஸ் ஆரைச் சொன்னாவோ தெரியா எண்டு சொல்லி வெச்சிருக்கன். அது நீங்க கற்பனையா சொன்னது எண்டு மாமியிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. எனக்கு அந்த வீட்டில இருக்க வேணும் மிஸ்."

ஒரு போன் எடுத்தால் முடிகிற காரியம். ஆனால் வருட மலர்க் கட்டுரை அச்சுக்குப் போக இருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில், மனச்சாட்சிக்குப் பயந்து, பெய்ரூத் வீட்டையும் நாலு வரியில் சேர்த்திருந்தேன், தெரிந்த ஒரு பெண்ணின் அனுபவம் என்று. அது கற்பனை என்று நானே சொல்லி, எப்படியோ இயக்குநர் காதுக்குப் போனால்? அதை நினைத்துக்கொண்டுதான் நான் மிக நேர்மையான ஒரு முகத்தை வைத்துக்கொண்டேன்.

"நான் சொன்னது உண்மைதானே. பொய் சொல்ல என்னால ஏலாது."

இதைச் சொல்லும்போது என் கை பை வாரைப் பிடித்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். "ஓம் மிஸ். பொய் சொல்லக் கூடாதுதான்" என்றாள். குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மனதாரத்தான் சொன்னாள். மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டாள்.

ஏழு மாதம் போனது. வருட மலர் வந்தது, பாராட்டும் வந்தது. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே அம்மா சொன்னார். "அந்த மட்டக்களப்புப் பிள்ளை இப்ப மாமி வீட்டில இல்லையாம். என்ன நடந்ததோ." என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது, அல்லது தெரிந்ததாக நினைத்தேன். என்னால் ஒரு பெண்ணின் குடும்பம் உடைந்தது என்று நான்கு நாள் தூங்கவில்லை. ஐந்தாம் நாள், ஏழு மாதம் பிந்தி, அவள் கேட்ட பொய்யைச் சொல்லப் புறப்பட்டேன்.

மாமி கதவைத் திறந்தார். முகத்தில் வரவேற்பும் இல்லை, விரட்டலும் இல்லை. சோபாவைக் காட்டினார், தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நான் கோப்பையைக் கையில் எடுத்தபடி, ஒத்திகை பார்த்து வந்ததை ஒரே மூச்சில் சொன்னேன்.

"மாமி, அண்டைக்கு நான் மேடையில சொன்னது என்ர கற்பனை. உங்கட மருமகள் லெபனானுக்குப் போகேல்ல. ஆக்களுக்கு உருக்கமா இருக்கட்டுமெண்டு நான்தான் கட்டிச் சொன்னனான். அவவில ஒரு பிழையும் இல்லை."

மாமி எதிர்க் கதிரையில் வந்து இருந்தார்.

"பிள்ளை, அவள் அந்தத் திங்கட்கிழமை பின்னேரமே எங்களிட்ட எல்லாத்தையும் சொல்லிப்போட்டாள். அந்த ரெண்டு விரல் கதையும் சொன்னவள். எனக்குக் கோபந்தான். எங்களுக்குப் பொய் சொல்லிக் கட்டிவைச்சதுக்குக் கோபம். ரெண்டு கிழமை முகம் குடுத்துக் கதைக்கேல்ல. பிறகு யோசிச்சன், பாடுபட்டு உழைச்ச பிள்ளைதானே, ஒருத்தரிட்டையும் களவெடுக்கேல்லையே."

களவு என்ற சொல்லை மாமி சாதாரணமாகத்தான் சொன்னார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"அப்ப இப்ப எங்க அவ?"

"பாசலில. மகனுக்கு அங்க வேலை மாறினது, ரெண்டு பேரும் போயிட்டினம். அவளுக்கு அங்க சின்னப்பிள்ளையள் பாக்கிற இடத்தில வேலை கிடைச்சிருக்கு. முன்னம் எங்க பிள்ளை பாத்தனீங்கள் எண்டு விண்ணப்பப் போமில கேட்டிருக்கினம். லெபனான் எண்டு தானே எழுதிக் குடுத்தவள்."

எனக்கு நிம்மதி வரவேண்டும். வந்தது, ஒரு நிமிடம். மாமி இன்னும் முடிக்கவில்லை.

"எனக்கு உங்களிலதான் கடுங்கோபம். எங்கட வீட்டுக் கதையை மேடையில ஏத்தினதுக்கு உங்கட அம்மாவிட்ட வந்து நல்லாக் கேக்க வெளிக்கிட்டனான். காலில சப்பாத்தும் போட்டிட்டன். அவள்தான் வாசலில வந்து மறிச்சவள். மிஸ்ஸை ஒண்டும் கேளாதேங்கோ மாமி, அவ உண்மையைத்தான் சொன்னவ, அவவுக்குப் பொய் சொல்லத் தெரியாது எண்டு எனக்கே சொன்னவள்."

மாமி என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அப்ப இப்ப நீங்கள் எனக்கு என்ன சொன்னனீங்கள்?"

நான் ஒரு சொல்லும் அவளுக்காகப் பேசாத நாட்களில், அவள் அந்த வாசலில் நின்று எனக்கென்று ஒரு நல்ல பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். கையில் எடுத்த தேத்தண்ணியை வாயில் வைக்குமுன்னமே, அந்த நல்ல பெயரையும் நானே பொய்யாக்கிவிட்டிருந்தேன்.